பெயருக்குப் பின்னே மறைந்த செடி: எரிகோ ரோஜா குறித்த தாவரவியல் அறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சகாரா முதல் ஈரான் வரையிலான பாலைவனங்களில் வளரும் அனஸ்டாட்டிக்கா ஹைரோகுண்டிக்கா என்னும் சிறு செடி, ஐரோப்பிய மொழிகளில் ‘எரிகோ ரோஜா’ என்று அறியப்படுகிறது. உலர்ந்த நிலையில் பந்துபோல் சுருண்டு, நீர் பட்டதும் விரியும் இயல்பினால் இச்செடி உயிர்த்தெழுதலின் குறியீடாகப் பல நூற்றாண்டுகள் போற்றப்பட்டது. இச்செடிக்கு வழங்கிய பெயர்கள் அதனைப் பற்றிய தாவரவியல் அறிவை எவ்வாறு நெறிப்படுத்தின, எவ்வாறு தடுத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இறந்த செடியின் அசைவே நெடுங்காலம் வியப்புக்குரியதாக இருந்தது; விதையின் வாழ்வோ செடி வளரும் இடத்திற்கே சென்று ஆராய்ந்த பின்னரே விளங்கியது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எரிகோ ரோஜா, கஃப் மர்யம், பாலைவனத் தாவரவியல், பெயரிடல் வரலாறு, விதை பரவல், லின்னேயஸ்.

முன்னுரை

தாவரங்களின் பெயர்கள் வெறும் அடையாளச் சீட்டுகள் அல்ல. பெயர் வைத்தவர் செடியின் எந்தக் கூற்றைக் கண்டார், எதனைக் காணாது விட்டார் என்பதற்கு அவையே சான்று. ஒரு பெயர் நிலைபெற்றபின், அடுத்து வருவோர் அப்பெயர் சுட்டும் கூற்றையே முதலில் நோக்குகின்றனர். எனவே ஒரு செடியைப் பற்றிய அறிவின் வரலாற்றை எழுதுவோர், அதன் பெயர்களின் வரலாற்றையும் உடன் எழுத வேண்டியவராகின்றனர்.

இக்கருத்தைச் சோதிப்பதற்கு எரிகோ ரோஜா தக்க சான்றாக அமைகிறது. இது ரோஜா அன்று. எரிகோவிற்கு மட்டும் உரியதும் அன்று. இறந்தபின் உயிர்பெற்று எழுவதும் அன்று. ஆயினும் இம்மூன்று செய்திகளும் அதன் பெயர்களுள் பதிந்துள்ளன. பெயருக்கும் செடிக்கும் இடையிலான இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு குறைந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. செடியின் இயல்பு

அனஸ்டாட்டிக்கா ஹைரோகுண்டிக்கா கடுகு, முள்ளங்கி ஆகியன அடங்கிய பிராசிக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒருபருவச் செடி. அதன் பேரினத்தில் இன்று ஏற்கப்படும் ஒரே இனம் இதுவே. சகாரா, சினாய், நெகேவ், அரேபியத் தீபகற்பம், ஈராக், ஈரான் ஆகிய பகுதிகளின் வறண்ட நிலங்களில் இது காணப்படுகிறது. ஓடைப் படுகைகளிலும், சரளைக்கல் பரந்த சமவெளிகளிலும், மழைநீர் சிறிது நேரமேனும் தேங்கும் பள்ளங்களிலும் இது மிகுதியாக வளர்கிறது. இப்பகுதிகள் பலவற்றில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

தரையோடு ஒட்டிப் பரவும் இச்செடி பெரும்பாலும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதில்லை. மழை குறைந்த ஆண்டில் சில சென்டிமீட்டர் அளவிலேயே பூத்துக் காய்த்து முடிந்துவிடும். இலைகளின்மேல் நட்சத்திர வடிவ மயிர்கள் அடர்ந்திருக்கும். நான்கு அல்லி இதழ்களைக் கொண்ட சிறு வெண்பூக்களில் நான்கு நீண்ட மகரந்தத்தாள்களும் இரண்டு குட்டையான மகரந்தத்தாள்களும் உள்ளன. இது கடுகுக் குடும்பத்தின் பொது அடையாளம். சிறிய, கடினமான கனியின் மேற்புறத்தில் காதுமடல் போன்ற இரு புடைப்புகள் காணப்படும். ஒரு கனியில் பொதுவாக நான்கு விதைகள் வரை இருக்கும்.

கனி முதிர்ந்ததும் செடி இறக்கிறது. இலைகள் உதிர, மரத்தன்மை அடைந்த கிளைகள் உள்நோக்கி வளைந்து, கனிகளை நடுவில் பொதிந்த பந்தாக மூடிக்கொள்கின்றன. வேர் மண்ணிலேயே ஊன்றி நிற்கிறது. இந்நிலையில் அச்செடி பல ஆண்டுகள் அழியாமல் இருக்கக்கூடும். மழை பெய்தால் கிளைகள் விரியும். உலர்ந்தால் மீண்டும் சுருளும். இவ்வசைவு எத்தனை முறை வேண்டுமானாலும் நிகழலாம்; ஆனால் ஒருமுறைகூட அச்செடி உயிர் பெறுவதில்லை.

2. மக்கள் வழக்கும் பயணிகள் வழக்கும்

அரபி மொழியில் இச்செடிக்கு வழங்கும் பெயர்களுள் பரவலானது ‘கஃப் மர்யம்’, அதாவது மர்யமின் உள்ளங்கை. சுருண்ட செடி மூடிய கையையும், விரிந்த செடி திறந்த கையையும் ஒத்திருப்பதே இப்பெயரின் அடிப்படை. மற்றொரு பெயரான ‘ஷஜரத் அத்தல்க்’ என்பதற்குப் பேற்றுவலியின் மரம் என்பது பொருள். மகப்பேற்றின்போது இச்செடியை நீரிலிட்டு வைப்பதும், அந்நீரைத் தாய்க்குக் கொடுப்பதும் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் நிலவிய வழக்கங்கள். செடி விரிவதைப் போலப் பேறும் எளிதாக நிகழும் என்ற ஒப்புமையே இதன் அடித்தளம். மக்கா, மதீனா சென்று திரும்புவோர் வழியாக இவ்வழக்கம் தென்கிழக்காசியாவிற்கும் பரவியது. இந்தோனேசியாவில் ‘ரும்புட் ஃபாத்திமா’ என்றும், மலேசியாவில் ‘சங்குல் ஃபாத்திமா’ என்றும் இச்செடி விற்கப்படுகிறது.

மக்கள் வழக்கிலும் பெயர்க்குழப்பம் இல்லாமல் இல்லை. கஃப் மர்யம் என்ற இதே பெயர் அரபு நாடுகளில் வைடெக்ஸ் ஆக்னஸ்-காஸ்டஸ் என்னும் குறுமரத்திற்கும் வழங்குகிறது. அது நம் நொச்சி அடங்கிய பேரினத்தைச் சேர்ந்தது. விரல்கள்போல் பிரிந்த அதன் இலைகளே அங்குக் கையை நினைவூட்டுகின்றன. ஒரு பழைய மருத்துவக் குறிப்பில் இப்பெயரை மட்டும் கண்டு, அது எந்தச் செடியைச் சுட்டுகிறது என்று முடிவு செய்ய இயலாது.

ஐரோப்பியப் பெயரின் தோற்றம் வேறு. சிலுவைப் போர்க் காலத்திலும் அதன்பின்னும் புனித நாட்டிற்குச் சென்ற பயணிகள் இவ்வுலர் செடியைத் திருப்பயண நினைவாகக் கொண்டுவந்தனர். குழந்தை இயேசுவுடன் மரியாள் எகிப்துக்குச் சென்ற வழியில் இது முளைத்தது என்ற கதையும் உடன் வந்தது. கிறிஸ்துமஸ் இரவில் இதனை நீரில் வைத்து விரியச் செய்வதும், தலைமுறை தலைமுறையாக ஒரே செடியைப் பேணுவதும் சில ஐரோப்பியக் குடும்பங்களின் மரபாயின.

எரிகோ என்ற ஊர்ப்பெயர் செடியோடு இணைந்ததற்கு விவிலியத் தொடர்பு ஒரு காரணமாகலாம். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீராக்கின் ஞான நூலில், ஞானம் தன்னை எரிகோவின் ரோஜாவோடு ஒப்பிடும் இடம் உண்டு. அது நீர்வளம் மிக்க சோலையில் தழைக்கும் செடியைக் குறிப்பதாகவே அமைந்துள்ளது. அரளியாக இருக்கலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து. பாலைவனத்தின் சிறுசெடி அவ்வுவமைக்குப் பொருந்தாது. எனினும் நூலிலிருந்த பெயரும் பயணியின் கையிலிருந்த பொருளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவனவாகக் கொள்ளப்பட்டன.

3. பெலோன் முதல் லின்னேயஸ் வரை

இப்பெயரை ஐயுற்ற முற்காலத்தவருள் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியர் பெலோன் குறிப்பிடத்தக்கவர். 1546 முதல் 1549 வரை கிழக்கு நாடுகளில் பயணம் செய்து, 1553இல் தம் அவதானிப்புகளை நூலாக வெளியிட்ட அவர், இச்செடி அரேபியப் பாலைக்கு உரியது என்றும், எரிகோவோடு அதனை இணைத்தது பிறரது புனைவு என்றும் கருதினார். உண்மையில் எரிகோவை அடுத்த சாக்கடல் பள்ளத்தாக்கிலும் இச்செடி வளர்கிறது. ஆயினும் அதன் பரந்த வாழிடத்தில் அது ஒரு சிறு பகுதியே. எனவே பெலோனின் மறுப்பு முழுவதும் சரியன்று. செடி எங்கே வளர்கிறது என்பதைக் கொண்டு பெயரைச் சோதிக்க வேண்டும் என்ற அணுகுமுறையே அவரது பங்களிப்பு.

அவ்வணுகுமுறை தொடரவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூவெனில் யோஹான்னஸ் ஸ்டுர்மியஸ் இச்செடிக்கென்றே ஒரு தனிநூல் எழுதினார். 1623இல் வெளிவந்த காஸ்பர் பௌஹினின் ‘பினாக்ஸ்’ நூலும் எரிகோ ரோஜா என்ற பெயரைப் பொதுவழக்குப் பெயராகவே பதிவுசெய்தது. அக்கால ஐரோப்பியத் தாவரவியலாளருள் பெரும்பாலோர் கண்டது உலர்ந்த பந்தைத்தான். பூத்த செடியை அறிய விதையிலிருந்து தோட்டத்தில் வளர்க்க வேண்டியிருந்தது. அவ்வாறு அறியப்பட்டபின், லின்னேயசுக்கு முந்தைய சிலர் இதனைத் த்லாஸ்பி என்னும் கடுகுக் குடும்பச் செடிகளோடு சேர்த்தனர்.

1753இல் வெளிவந்த ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ நூலில் கார்ல் லின்னேயஸ் இச்செடிக்கு இன்றைய இருசொற்பெயரை வழங்கினார். அதில் ஒரு முரண் உள்ளது. லின்னேயசின் வகைப்பாடு மகரந்தத்தாள்களை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி நான்கு நீண்ட தாள்களையும் இரண்டு குட்டைத் தாள்களையும் உடைய செடிகளுக்குரிய டெட்ராடைனமியா வகுப்பில் இச்செடி இடம்பெற்றது. அதாவது, அதன் இடம் உயிருள்ள செடியின் பூவைக் கொண்டு முடிவாயிற்று. பெயரோ இறந்த செடியைக் கொண்டு அமைந்தது. அனஸ்டாட்டிக்கா என்பது உயிர்த்தெழுதலைக் குறிக்கும் ‘அனஸ்டாசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஹைரோகுண்டிக்கா என்பதற்கு எரிகோவிற்குரியது என்பது பொருள். திருப்பயணிகளின் கதை முழுவதும் இரு சொற்களில் அடங்கி, அறிவியற் பெயர் என்னும் நிலையைப் பெற்றது.

லின்னேயஸ் இதே பேரினத்தில் அனஸ்டாட்டிக்கா சிரியாக்கா என்ற மற்றோர் இனத்தையும் சேர்த்திருந்தார். அது பின்னர் யூக்ளிடியம் என்னும் தனிப் பேரினத்திற்கு மாற்றப்பட்டது. பெயரை அது இழந்ததற்குக் காரணம் உயிர்த்தெழாமை அன்று. கனியின் அமைப்பு வேறுபட்டதே. பேரினத்தின் எல்லையை வரையறுக்க உதவியது கனிதான், கதை அன்று என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

லின்னேயசின் மாணவர் பீட்டர் ஃபோர்ஸ்கால் 1761 முதல் எகிப்திலும் பின்னர் யேமனிலும் செடிகளைத் திரட்டி, 1763இல் யேமனிலேயே இறந்தார். அவரது குறிப்புகளைக் கார்ஸ்டன் நீபூர் 1775இல் ‘ஃபுளோரா ஈஜிப்டியாக்கோ-அராபிக்கா’ என்ற பெயரில் வெளியிட்டார். லத்தீன் பெயர்களோடு அரபிப் பெயர்களையும் வளரிடங்களையும் பதிவுசெய்தது அந்நூலின் சிறப்பு. பாலைவனச் செடிகளை அவை வளரும் நிலத்தோடும், அந்நிலத்தில் வாழ்வோரின் மொழியோடும் சேர்த்து அறியும் முயற்சிக்கு அது வழிகோலியது.

4. ஒரு பெயர், மூன்று செடிகள்

19ஆம் நூற்றாண்டில் பெயர்ச்சிக்கல் மேலும் வளர்ந்தது. பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஃபெலிசியன் தே சோல்சி 1850–51இல் சாக்கடலைச் சுற்றிப் பயணம் செய்தபோது, நீர் பட்டால் விரியும் வேறொரு சிறுசெடியைக் கண்டார். பழைய பயணிகளின் உண்மையான எரிகோ ரோஜா அதுவே என்பது அவரது வாதம். அவருடன் சென்றவரும், பின்னாளில் கையெழுத்தியல் துறையால் அறியப்பட்டவருமான மிஷோன் பாதிரியார், சோல்சியின் நினைவாக அதற்குச் சோல்சியா எனப் பெயரிட்டார். இன்று அது பல்லேனிஸ் ஹைரோகுண்டிக்கா எனப்படுகிறது. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் கிளைகள் அல்லாமல், இறந்த பூத்தலையைச் சூழ்ந்த செதில்களே மூடித் திறக்கின்றன. இரு வேறு குடும்பச் செடிகள், இரு வேறு உறுப்புகளால் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டின் அறிவியற் பெயரிலும் எரிகோ நிலைத்துள்ளது.

மூன்றாவது செடி மற்றொரு கண்டத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் சிவாவா பாலைவனத்தில் வளரும் செலாஜினெல்லா லெப்பிடோஃபில்லா பூவும் விதையும் இல்லாத செடி. வணிகர்கள் அதனையும் எரிகோ ரோஜா என்றே விற்கின்றனர். அச்செடியின் திசுக்கள் ஏறத்தாழ முற்றும் உலர்ந்த நிலையிலும் உயிரோடிருந்து, நீர் கிடைத்ததும் பசுமை பெற்று மீண்டும் ஒளிச்சேர்க்கை செய்யவல்லவை. உயிர்த்தெழும் செடி என்ற அடைமொழி பொருந்துவது இதற்கே. வணிகத்தில் போலி எனப்படும் செடி உண்மையில் மீண்டெழுகிறது. உயிர்த்தெழுதலைப் பெயரிலேயே தாங்கிய செடியோ இறந்தபடியே இருக்கிறது.

5. ஈரத்தால் விரிதல்

இறந்த செடி எவ்வாறு அசைகிறது என்ற வினாவிற்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விடை உருவாயிற்று. 1887இல் எகிப்திய-அரேபியப் பாலைவனத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்ட கேயோர்க் வோல்கென்ஸ், பாலைவனச் செடிகளின் உள்ளமைப்பை அவற்றின் சூழலோடு இணைத்து ஆராய்ந்தார். ஈரத்தினால் உறுப்புகள் திறக்கும் இந்நிகழ்வுக்கு ‘ஹைக்ரோகேசி’ என்ற கலைச்சொல்லைப் பவுல் ஆஷெர்சன் 1892இல் வழங்கினார். தமிழில் இதனை ‘ஈரவிரிவு’ எனலாம்.

இவ்வசைவுக்கு உயிர் தேவையில்லை. செல்சுவர்களில் உள்ள செல்லுலோஸ் இழைகள் அமைந்துள்ள திசைக்கேற்ப, நீரை ஏற்கும்போது சுவர் ஒரு திசையில் மிகுதியாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் வீங்குகிறது. கிளையின் இரு பக்கத் திசுக்களும் சமமாக வீங்காததால் கிளை நிமிர்கிறது; உலரும்போது வளைகிறது. மரத்திலிருந்து விழுந்த பைன் கூம்பின் செதில்கள் ஈரத்திற்கேற்ப மூடித் திறப்பதும் இத்தகைய இயக்கமே.

இவ்விளக்கத்தின் வரலாற்று முக்கியத்துவம், அது வினாவையே மாற்றியதில் உள்ளது. உயிர்த்தெழுதல் என்ற பெயர் ‘இச்செடி எவ்வாறு மீள்கிறது’ என்று கேட்கத் தூண்டியது. ஈரவிரிவு என்ற கலைச்சொல்லோ ‘இவ்விரிவினால் என்ன பயன்’ என்று கேட்க இடமளித்தது.

6. உருளும் செடி என்ற கருத்தும் அதன் மறுப்பும்

பயனைப் பற்றிய முதல் விடையும் ஒரு கதையாகவே அமைந்தது. உலர்ந்த பந்து வேரோடு பெயர்ந்து, காற்றில் நெடுந்தூரம் உருண்டு, ஈரமான இடத்தை அடைந்ததும் விரிந்து விதைகளைச் சிந்தும் என்பது அக்கதை. பொதுநூல்கள் பலவற்றில் இன்றும் இது காணப்படுகிறது. பயணிகள் வழியாகக் கடல் கடந்து வந்த செடி, தானும் பயணிக்கும் செடியாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை.

செடி வளரும் இடங்களில் நிகழ்ந்த ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. 1937இல் மைக்கேல் ஜொஹாரி பாலஸ்தீனத் தாவரங்களின் விதை பரவலை ஆராய்ந்து, பாலைவனச் செடிகள் பலவற்றில் விதைகள் நெடுந்தூரம் செல்வதைத் தடுக்கும் அமைப்புகளே மிகுந்துள்ளன என்று காட்டினார். நெகேவ் பாலைவனத்தில் எரிகோ ரோஜாவை ஆராய்ந்த ஃபிரீட்மன், ஸ்டைன் ஆகியோரின் கட்டுரை 1980இல் ‘ஜர்னல் ஆஃப் எக்காலஜி’ இதழில் வெளிவந்தது. அச்செடிகள் நிலத்தில் கூட்டங்கூட்டமாக அமைந்திருப்பதை விதை பரவும் முறையோடு அது இணைத்தது. வலுவான வேரினால் இறந்த செடி இருந்த இடத்திலேயே நிற்கிறது. வெள்ளமோ விலங்கின் குளம்போ அதனைப் பெயர்த்துவிட்டால் உருளக்கூடும், அது விதிவிலக்கே.

நிகழும் முறை பின்வருமாறு: போதிய மழை பெய்தால் கிளைகள் விரிகின்றன. மழைத்துளிகள் கனிகளின்மேல் விழும்போது விதைகளில் ஒரு பகுதி மட்டும் வெளிப்படுகிறது. நனைந்த விதையின் மேலுறை பசைபோலாகி மண்ணில் ஒட்டுகிறது; ஈரம் நீடித்தால் விதை விரைந்து முளைக்கிறது. எஞ்சிய விதைகள் கனிகளுக்குள்ளேயே இருக்க, கிளைகள் உலர்ந்து மீண்டும் மூடிக்கொள்கின்றன. எறும்பு முதலிய விதையுண்ணிகளிடமிருந்தும் அவை ஓரளவு காக்கப்படுகின்றன. அடுத்த மழைக்கும், அதற்கடுத்த மழைக்கும் விதை இருப்பில் உள்ளது.

மழை எப்போது வரும், வந்தாலும் நாற்று காய்க்கும்வரை ஈரம் நிற்குமா என்பது உறுதியற்ற நிலத்தில், எல்லா விதைகளையும் ஒரே மழையில் முளைக்க விடும் செடியின் வழிமரபு ஒரு பொய்த்த மழையோடு அழிந்துவிடக்கூடும். மாறும் சூழலில் விதைகளில் ஒரு பகுதியை மட்டும் முளைக்க விடுவதே நீண்டகாலப் பெருக்கத்திற்கு ஏற்றது என்று 1966இல் டான் கோஹன் கணிதவழி நிறுவினார். எரிகோ ரோஜாவின் சுருண்ட பந்து அக்கணக்கின் உருவம் எனலாம்.

விதைகள் தாய்ச்செடியின் அருகிலேயே தங்குவதற்குக் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. தாய்ச்செடி வெற்றியுடன் வாழ்ந்த இடம் நல்ல இடம் என்பதால் அங்கேயே விதையை வைத்திருப்பது நன்மை தரும் என்பது ஒரு சாராரின் கருத்து. 1981இல் எல்னர், ஷ்மிடா ஆகியோர் இதனை மறுத்தனர். பாலைவனத்தில் நெடுந்தூரப் பரவலால் கிடைக்கும் ஆதாயம் குறைவு. விதைகளை அருகில் வைத்திருக்கும் அமைப்புகள் பெரும்பாலும் வேறு பயன்களுக்காக உருவானவை. அண்மைப் பரவல் அவற்றின் பக்கவிளைவு என்பது அவர்களின் வாதம். முளைக்கும் காலத்தைக் கட்டுப்படுத்துவதும் விதையைக் காப்பதும் எரிகோ ரோஜாவில் தெளிவாகப் புலப்படுவதால், இரண்டாவது விளக்கம் அதற்கு நன்கு பொருந்துவதாகத் தோன்றுகிறது.

7. பெயரின் இன்றைய விளைவு

பெயர்களின் தாக்கம் நூல்களோடு நிற்பதில்லை. எரிகோ ரோஜா இன்றும் மூலிகையாகவும் நினைவுப்பொருளாகவும் இயற்கை வாழிடங்களிலிருந்து பறித்து விற்கப்படுகிறது. சேகரிக்கப்படுவது உலர்ந்த, இறந்த செடி. இறந்ததைப் பறிப்பதால் இழப்பு இல்லை என்ற எண்ணம் இயல்பாக எழக்கூடும். மேற்கூறிய ஆய்வுகளின் ஒளியில் அவ்வெண்ணம் பிழையானது. ஒருபருவச் செடியான இதற்கு அடுத்த தலைமுறை என்பது விதையில் மட்டுமே உள்ளது. அவ்விதையின் கிடங்கு இறந்த செடியே. சுருண்ட பந்து ஒன்றைப் பறிப்பது, அவ்விடத்தின் வருங்கால மழைகளுக்கென வைக்கப்பட்ட இருப்பைப் பறிப்பதாகும். செடியின் பாதுகாப்பைத் திட்டமிடுவோர் உயிருள்ள செடிகளை மட்டும் எண்ணினால் கணக்கு தவறும். இறந்து நிற்கும் செடிகளையும் எண்ண வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாறு மூன்று செய்திகளைப் புலப்படுத்துகிறது. முதலாவது, எரிகோ ரோஜாவின் பெயர்கள் யாவும் ஒருவகையில் கூரிய அவதானிப்பிலிருந்தே பிறந்தவை. கையைப் போன்ற வடிவம், புனித நாட்டுத் தொடர்பு, நீர் பட்டு விரிதல் என அவை செடியின் ஒவ்வொரு கூற்றைப் பற்றிக்கொண்டன. இரண்டாவது, அவையனைத்தும் இறந்த செடியையே நோக்கின. பூவும் கனியும் வகைப்பாட்டில் இடம்பெற்றபோதும் விதை பெயருக்கு வெளியிலேயே இருந்தது. மூன்றாவது, வளரிடத்திற்குச் சென்று செடியைக் கண்டபோதுதான் வினாக்கள் மாறின. பெலோனின் ஐயம் முதல் நெகேவ் ஆய்வுகள் வரை இதற்குச் சான்றாகின்றன.

பண்டை இலக்கியத் தாவரப் பெயர்களை இன்றைய இனங்களோடு பொருத்தும் தமிழாய்வுக்கும் இதில் ஒரு முறையியல் எச்சரிக்கை உண்டு. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியல் போன்ற இடங்களில், பெயரொற்றுமையை மட்டும் கொண்டு ஓர் இனத்தை உறுதிசெய்வது போதாது. ஒரே பெயர் மூன்று குடும்பச் செடிகளுக்கு வழங்கியதை மேலே கண்டோம். அப்பெயர் செடியின் எந்த உறுப்பை, எந்தப் பருவத்தை, எந்த நிலத்தைச் சுட்டுகிறது என்று கேட்பதே அடையாளப்படுத்தலின் முதற்படியாக அமைதல் வேண்டும்.